இருமல் இல்லாத படம்

ஆவணப்படம் எடுக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "யாரு ஹீரோ?" படக்காரம்மா தன் முப்பதுகளில் இதற்குப் பொறுமையாக விளக்கம் சொன்னார். நாற்பதுகளில் கோபப்பட்டார். ஐம்பதுகளில், "ஹீரோ சாக்கடை அள்ளுறவருங்க, ஹீரோயின் செங்கல் சுமக்குறவங்க" என்று சிரிக்காமல் சொல்லிப் பார்த்தார். "அப்ப பாட்டு கிடையாதா?" என்று ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டதற்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார். அறுபதை நெருங்கும் இந்த நாட்களில், "சின்னச் சின்னப் படம்ங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வெயில் பக்கமோ மழை பக்கமோ திருப்பிவிடுகிறார்.

படக்காரம்மா என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் செங்கல் சூளைப் பெண்கள். தோளில் கேமராப் பையும் கையில் கேமராவை நிறுத்தும் முக்காலியுமாக ஒருத்தி தினமும் வந்து, ஒன்றும் எடுக்காமல் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தால் அவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? சூளையில் பிறந்த பெயர் நாளடைவில் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. தம்பி மனைவிகூட, "படக்காரம்மா, சாப்பாடு ஆறுது" என்றுதான் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

படத்துக்கு வருமுன் அவர் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுத்தொட்டு, முகத்திலிருக்கும் மருவையும் தழும்பையும் மறைப்பது அவர் வேலை. கை சுத்தம் என்று முதலாளி புகழ்ந்தார். ஒருநாள் கன்னத்தில் தீக்காயத் தழும்புள்ள ஒருவர் தன் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லையே" என்றார். சண்டை போடவில்லை. படத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் படக்காரம்மாவும் அதே படியில் இறங்கினார்.

அதன் பிறகு படங்கள். செங்கல் சூளை, சாக்கடை, தீப்பிடித்த செருப்புப் பட்டறை, பாதிக் கட்டடத்தோடு நின்றுபோன மருத்துவமனை. கல்யாணம் ஒன்று நடுவில் நடந்து, நடுவிலேயே முடிந்தும் போனது. "உனக்குப் புருஷன் எதுக்கு, முக்காலி இருக்கே" என்று அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனதாகத் தம்பி இன்றும் சொல்லிச் சிரிப்பான். அக்கா எடுக்க, தம்பி வெட்டி ஒட்டுவான். படத்தொகுப்பு அவன் தொழில். தெரு அவனுக்கு வைத்த பெயர் கத்திரி.

படங்களால் ஊர் திருந்தியதா என்றால், ஒரு ஊரும் திருந்தவில்லை. தொழிற்சங்கக் கூடங்களில் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டிப் போட்டுக்காட்டுவார். மின்விசிறிச் சத்தத்தில் பாதி வசனம் போய்விடும். பின்வரிசையில் ஒருவர் தூங்குவார். சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி எழுந்து, "போட்டோகிராபி ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவார். சாக்கடையில் மூழ்கிச் செத்தவனின் படத்தில் அவர் கண்டது அதுதான். முதலில் இதற்கெல்லாம் அழுத படக்காரம்மா பிறகு பழகிக்கொண்டார். முழங்கால் தேய்ந்தது. கேமரா வருடாவருடம் சின்னதாகிக்கொண்டே வந்தும் தோளுக்கு மட்டும் கனம் குறையவில்லை.

எல்லாம் தேய்ந்த பின்னும் ஒன்றை மட்டும் அவர் விடாமல் வைத்திருந்தார். எந்த மேடையில் ஏற்றினாலும் அதையே சொல்வார்: "நான் யாரையும் பேசவைக்கலைங்க. அவங்களா பேசினாங்க. நான் பிடிச்சு வச்சேன், அவ்வளவுதான்." அவர் படத்தில் பொய் இருக்காது என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் ஒரு படக் காப்பகம், அவருடைய எல்லாப் படங்களையும் வாங்கி நிரந்தரமாகப் பாதுகாப்பதாகச் சொல்லியிருந்தது. "உன் ஆயுசுக்கு அப்புறமும் இருக்கும்க்கா" என்றான் தம்பி. அன்று அவர் மாடிப்படியை நிற்காமல் ஏறினார்.

கல்மாவுப் படம் அவர் எடுத்தவற்றில் அதிகம் பேர் பார்த்தது. கல்லை மாவாக அரைத்து மூட்டை கட்டி அனுப்பும் ஆலை அது. வேலை முடிந்து வருகிறவர்கள் புருவம் முதல் பாதம் வரை வெளுத்திருப்பார்கள். "எங்க ஆலையில எல்லாரும் வெள்ளைக்காரங்கம்மா" என்று வாசலில் அவரிடம் முதலில் பேசியவர் மூட்டைக்காரர். சல்லடையின் வாயில் சாக்கைப் பிடித்து நிரப்பிக் கட்டுவது அவர் வேலை. இளமையில் சேர்ந்தவர். படக்காரம்மா அவரைச் சந்தித்தபோது மூட்டை தூக்க முடியாமல் ஆலையை விட்டு நின்றுகொள்ளும் நிலையில் இருந்தார்.

ஆலைக்குள் கேமராவை விடவில்லை. அதனால் மூட்டைக்காரரின் ஒற்றை அறை வீட்டில், இரும்புக் கட்டிலில் அவரை உட்காரவைத்து, பல மதியங்கள் பேச்சைப் பதிவு செய்தார். ஜன்னலுக்கு வெளியே பொதுக்குழாய். அதில் தண்ணீர் வரும் நேரம் பேச்சை நிறுத்த வேண்டும். மூட்டைக்காரரின் மனைவி மூலையில் உட்கார்ந்து, "சும்மா இருந்தா ஒரு வார்த்தை வராது, கேமராவைப் பார்த்தா கச்சேரி" என்பார். பேச்சும் சிரிப்புமாகப் போகும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் இருமல் வரும். சில நேரம் வார்த்தைக்கு நடுவிலேயே வரும். அடிவயிற்றிலிருந்து எழும்பி, உடம்பை முன்னால் வளைத்து, முடிந்த பிறகும் மூச்சு திரும்பிவரக் காத்திருக்க வேண்டிய இருமல்.

படத்தை முதலில் ஒட்டிய பிறகு தெரிந்தவர்கள் சிலரைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினார்கள். ஒரு பெண் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டே பார்த்தார். ஒருவர் நடுவில் எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. முடிந்ததும், மூட்டைக்காரர் என்ன சொன்னார் என்று படக்காரம்மா கேட்டார். "பாவம், ரொம்ப இருமுறாரு" என்றார்கள். அதைத் தாண்டி ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை.

"அவர் சொன்னது ஒருத்தர் காதுலயும் விழலடா" என்றார் படக்காரம்மா. "இருமலை எடுத்துடு."

"எடுத்தா ஒட்டு தெரியும்க்கா. மூஞ்சி துள்ளும்."

"கையைக் காட்டு."

பேசுகிறவரின் பேச்சில் ஒரு துண்டை வெட்டினால் திரையில் முகம் ஒரு குதி குதிக்கும். அந்த இடத்தில் முகத்துக்குப் பதிலாக அவர் கையையோ ஜன்னலையோ காட்டிவிட்டால் குரல் மட்டும் தொடர்ந்து ஓடும்; நடுவில் ஒன்று போனது யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். சமையலில் காய்க்குத் தோல் சீவுவதைப் போல இதையும் யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. கத்திரி அதில் மன்னன். கம்ப்யூட்டர் திரையில் குரல் மேடும் பள்ளமுமான கோடாகத் தெரியும். இருமல் வந்த இடம் முள்போல நிமிர்ந்து நிற்கும். அவன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தான். கடைசியில் மூட்டைக்காரர் தண்ணீர் ஓடுவது போலப் பேசினார்.

"ஆலைக்காரன் மாவை மூட்டை மூட்டையா எண்ணினான். என் நெஞ்சுக்குள்ள போனதை மட்டும் எண்ணவே இல்ல." படத்தின் இந்த வரியைச் சுவரொட்டியில்கூடப் போட்டார்கள். படம் பல ஊர்களுக்குப் போனது. ஓர் அரங்கில் ஒரு பேராசிரியர், மூட்டைக்காரரின் கைகளை அடிக்கடி காட்டியதன் ஆழ்ந்த பொருளைப் பற்றி வெகுநேரம் பேசினார். அருகில் உட்கார்ந்திருந்த கத்திரி அக்காவின் காதில், "கை வந்த இடமெல்லாம் இருமல்க்கா" என்றான். இருவரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

மூட்டைக்காரர் வீட்டிலும் படத்தைப் போட்டுக்காட்டினார்கள். அவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். "நான் இவ்வளவு நல்லாவா பேசுறேன்?" என்றார்.

"இப்படி ஒருநாள் என்கிட்ட பேசியிருந்தா நான் ஏன் சண்டை போடப்போறேன்" என்றார் மனைவி.

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு காலை, மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த படக்காரம்மாவுக்குத் தொலைபேசி வந்தது. மூட்டைக்காரரின் மனைவி.

"படக்காரம்மா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணி. அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து விசாரணையில உங்க படத்தைப் போட்டாங்க."

படக்காரம்மாவுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. "நம்ம சங்கத்துல போட்டாங்களா?"

"இல்லம்மா. ஆலை வக்கீல் போட்டாரு."

நேரில் போனபோது முழுவதும் விளங்கியது. மூட்டைக்காரர் சுவரோடு சாய்த்த தலையணையில் கிடந்தார். மூக்கில் குழாய். அருகில் வாடகை ஆக்சிஜன் சிலிண்டர். அவருக்கு வந்திருப்பது கல்தூசி நோய் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது வேலையால் வந்த நோய் என்று முடிவானால் ஆலைதான் கடைசிவரை வைத்தியம் பார்க்க வேண்டும். அதற்காகச் சங்கம் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தது. ஆலை வக்கீல் நோய் இல்லை என்று சொல்லவில்லை. ஆலையை விட்டு நின்றபோது இவர் நன்றாகத்தான் இருந்தார், அதன் பிறகு சில மாதம் மரக்கடையில் வேலை பார்த்தாரே, அந்தத் தூள்தான் நெஞ்சைக் கெடுத்தது என்றார். ஆலை மருத்துவ அறையில் எடுத்த பழைய எக்ஸ்ரே எதுவும் கிடைக்கவில்லையாம். ஆலையை விட்டு நின்ற அந்த நாட்களுக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி, பொய் சொல்லாத படக்காரம்மாவின் படம்.

"'பாருங்க, மூச்சு வாங்காம எவ்வளவு நேரம் பேசுறாரு, ஒரு செருமல் உண்டா'ன்னு கேட்டாரு வக்கீல்" என்றார் மனைவி. "அதிகாரி என்னைப் பார்த்தாரு. நான் என்ன சொல்றது? 'அப்பவே இருமுவாருங்க'ன்னேன். 'படத்துல இல்லையேம்மா'ன்னாரு."

படக்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைக் குத்தம் சொல்லலம்மா. நீங்க நல்லாத்தான் எடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு மனைவி, சிலிண்டரின் மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். ஏற்கெனவே மடித்திருந்த துண்டு அது. அதைவிடத் திட்டியிருந்தால் தேவலை என்று படக்காரம்மாவுக்குத் தோன்றியது.

அடுத்த விசாரணைக்கு வெட்டாத பதிவைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். மூட்டைக்காரர் கையை லேசாக உயர்த்தினார். போய்வா என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை.

நல்லவேளை, கத்திரி எதையும் அழிக்காதவன். அவன் மனைவிக்கு இதில் நெடுநாள் வருத்தம். "மனுஷங்க துணி வைக்க இடமில்ல, இவர் டப்பாவுக்கெல்லாம் தனி பீரோ." அந்த பீரோவிலிருந்து கல்மாவுப் படத்தின் மூலப்பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்தான். கேமரா தானே குறித்துவைத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு துண்டிலும் இருந்தன. வக்கீல் மறுக்க முடியாது.

எடிட்டிங் அறை கீழே, சமையலறையை அடுத்து. ஜன்னலுக்குக் கறுப்புத் தாள். கிழிந்த மெத்தை போட்ட நாற்காலி கத்திரியுடையது. படக்காரம்மா எப்போதும் ஸ்டூலில்தான் உட்காருவார். முதல் துண்டு ஓடியது. இருமல். குழாய்ச் சத்தம். மனைவியின் கேலி. மறுபடி இருமல். "போதும், இது போதும்" என்றார் படக்காரம்மா. அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"இன்னும் கொஞ்சம் பாருக்கா" என்றான் கத்திரி. அவன் குரல் சரியில்லை.

திரையில் மூட்டைக்காரர், "ஆலைக்காரன் மாவை மூட்டை மூட்டையா..." என்று தொடங்கி, முன்னால் வளைந்து இருமினார். அடங்கியது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அண்ணே, அதை மறுபடி சொல்லுங்க. இருமல் வராம."

"சரிம்மா." அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். பாதியில் முகம் சிவந்து, வெடித்து இருமினார்.

"தண்ணி குடிச்சுட்டு இன்னொரு தடவை."

"சரிம்மா."

அதன் பிறகும் ஒரு தடவை. அதன் பிறகும். பெண் குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. இருட்டுவதற்குள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற குரல். கடைசியில் மூட்டைக்காரர் கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரியை முழுதாகச் சொன்னார். சுவரொட்டியில் போட்ட வரி. சொல்லி முடித்ததும் சரிந்து படுத்துவிட்டார். "பிரமாதம் அண்ணே" என்றது அந்தக் குரல்.

சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது.

"நான்தானா அது?"

"நீதான்."

"எனக்கு ஞாபகமே இல்லடா."

"எனக்கு இருக்கு. வெட்டினவன் நான்தானே." கத்திரி கழுத்தைத் தடவிக்கொண்டான். "உன் குரலைச் சூளைப் படத்துல இருந்தே வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேட்டேனா?"

"எல்லார்கிட்டயும் இல்லக்கா. நீ அசந்துபோன நாள்ல."

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு முப்பது வருடமும் தெரிந்தது. அசந்துபோகாத நாட்கள் எவை என்று யோசித்துப் பார்த்தார். ஆரம்பத்தில் சில இருந்தன.

கத்திரி நாற்காலியைத் திருப்பினான். "இதோ பாரு. உன் குரல் வர்ற இடத்தை மட்டும் எடுத்துடறேன். இருமல் அப்படியே இருக்கும். அதிகாரிக்கு வேண்டியது இருமல்தானே? நீ கேட்டது அவங்களுக்கு எதுக்கு?"

"வக்கீல் இது முழுசான்னு கேட்பான்."

"முழுசுன்னு சொல்லு."

"ஏன்டா, ஒரு தடவை வெட்டினதுக்கே இந்தப் பாடு. மறுபடி வெட்டவா?"

"அக்கா, புரியாம பேசாத. இதைப் போட்டுக் காட்டினா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவ நீன்னு ஆயிடும். 'நான் யாரையும் பேசவைக்கலை'ன்னு நீ சொல்லாத மேடை உண்டா? அந்தக் காப்பகத்துக்காரங்க நாளைக்கே கையைக் கழுவிடுவாங்க. சாக்கடைப் படம், பட்டறைப் படம் எல்லாத்தையும் எவன் நம்புவான்? ஒருத்தருக்காக எல்லாரையும் விடப்போறியா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் சிரமம். செத்துப்போன பட்டறைப் பெண்களின் முகம் அந்தப் படத்தைத் தவிர வேறு எங்கும் இல்லை. படக்காரம்மா எழுந்தார். முழங்கால் ஒரு சத்தம் போட்டது.

"மத்தவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. இவரு இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காருடா" என்றார். "ஒரு வினாடி குறையாம காப்பி எடு."

விசாரணை அறை தொழிலாளர் அலுவலகத்தின் மாடியில் இருந்தது. வயர் பின்னிய நாற்காலிகள், பச்சைத் துணி விரித்த மேசை, ஒரு பக்கம் மட்டும் சுழலும் மின்விசிறி. அதிகாரி தலை நரைத்தவர். ஆலை வக்கீல் இளைஞர். படக்காரம்மாவைக் கண்டதும் எழுந்து, "உங்க படத்தைக் காலேஜ்ல பார்த்திருக்கேன் மேடம்" என்று கும்பிட்டார். மூட்டைக்காரரின் மனைவி சங்கச் செயலாளருக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

கத்திரி தன் லேப்டாப்பை மேசைமேல் வைத்தான். "சத்தத்தைக் கூட்டுங்க" என்றார் அதிகாரி. கூட்டினான். இருமல் அந்த அறையில் நிறைந்தது. எழுதிக்கொண்டிருந்த தட்டச்சுப் பெண் கையை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பியூன் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, "யாருக்குங்க?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைக் கவனித்தார்; புரிந்துகொண்டார். தண்ணீரைத் திருப்பி எடுத்துப் போகவும் மனமில்லாமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

"அண்ணே, அதை மறுபடி சொல்லுங்க. இருமல் வராம." லேப்டாப்பிலிருந்து குரல் வந்தபோது மூட்டைக்காரரின் மனைவி தலையைத் திருப்பவில்லை. அவர் அன்று மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர்தானே. அதை அவர் இத்தனை நாள் ஒருவரிடமும் சொன்னதில்லை என்பது படக்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பதிவு ஓடி முடியும்வரை அதிகாரி நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "அந்தக் குரல் யாருது?"

"என் குரல்ங்க."

வக்கீல் எழுந்தார். "மேடம், யாரையும் பேசவைக்கலைன்னு எல்லா இடத்துலயும் சொல்றீங்க. அந்தப் படம் பொய்யா, இது பொய்யா?"

"படத்துல இருக்கற வார்த்தை அத்தனையும் அவர் சொன்னதுதான்" என்றார் படக்காரம்மா. நின்றுகொண்டு பேசக் கால் வலித்தது. "அதைச் சொல்றதுக்கு அவர் பட்ட பாட்டை நான் எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"பார்க்கறவங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சுங்க."

"அப்ப உங்க மத்தப் படத்துலயும் இப்படித்தானா?"

"வெட்டில்லாத படம் கிடையாதுங்க. சிலதுல இப்படியும் கேட்டிருக்கேன். எதுல, எங்கேன்னு கேட்டா எடுத்துக் காட்டுறேன். எல்லாம் பீரோவுல இருக்கு."

வக்கீல் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி, "இவங்க படத்தை விசாரிக்க நாம உட்காரலை" என்றார். பதிவின் தேதியை மட்டும் தட்டச்சுப் பெண்ணிடம் இரண்டு தடவை படித்துச் சரிபார்க்கச் சொன்னார்.

நோய் ஆலையில் வந்ததுதான் என்று பிறகு முடிவானது. அதே வாரம் பத்திரிகையின் உள்பக்கத்தில், பெயர்பெற்ற ஆவணப்படத்தில் ஒட்டுவேலை என்று ஒரு செய்தி வந்தது. முடிவைப் பற்றி அதில் ஒரு வரி; ஒட்டுவேலையைப் பற்றி மீதி எல்லாம். காப்பகத்திலிருந்து பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "கொஞ்ச நாள் தள்ளிவைப்போம் மேடம். பரபரப்பு அடங்கட்டும்." எந்தப் பரபரப்பு என்று படக்காரம்மா கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, தம்பி மனைவிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார். அவள் அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் காயைத் தள்ளினாள்.

கத்திரி மட்டும் ஆறவில்லை. "குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதை" என்று பத்திரிகையை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

ஒரு மதியம் அவர் மூட்டைக்காரரைப் பார்க்கப் போனார். சிலிண்டர் போய், ஆலைக் கணக்கில் வந்த புது இயந்திரம் கட்டிலுக்கு அருகில் முனகிக்கொண்டிருந்தது. மூட்டைக்காரர் இளைத்துப்போயிருந்தார். படக்காரம்மா கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "அண்ணே, வெட்டாம இருக்கறது முழுசும் இதுல இருக்கு. உங்ககிட்ட இருக்கட்டும்." சொல்லவேண்டிய இன்னொன்றும் இருந்தது. "அன்னிக்கு உங்களை அப்படித் திருப்பித் திருப்பி..."

மூட்டைக்காரர் தலையை அசைத்தார். மனைவியிடம் ஏதோ சொன்னார். மனைவி குனிந்து கேட்டு நிமிர்ந்தார்.

"அது வேண்டாமாம். இருமலைத்தான் நாள் முழுக்கக் கேட்கறேனே, அதை டிவியில வேற கேட்கணுமாங்கறாரு. பழைய படத்தைப் போடச் சொல்றாரு. நல்லாப் பேசுவாரே, அதை."

"அண்ணே, அதுல நான்..."

"அதுதான் நான்" என்றார் மூட்டைக்காரர். அவ்வளவு சொல்லவே நேரம் பிடித்தது. "ஆலைக்குப் போறதுக்கு முன்னாடி... அப்படித்தான் பேசுவேன்."

மனைவி அலமாரியைத் திறந்து பழைய படத்தை எடுத்தார். அடிக்கடி எடுத்துப் பழகிய கை. டிவியில் போட்டுவிட்டுப் படக்காரம்மாவுக்குத் தரையில் பாயை நீட்டினார். "உட்காருங்க. பாதியில எழுந்து போனா அவருக்குக் கோபம் வரும். எனக்கு வாய்ச்சது கட்டில்ல இருக்கு. பேசத் தெரிஞ்ச மனுஷன் டிவியில இருக்காரு. நான் யார்கூடக் குடும்பம் நடத்துறேன்னே தெரியல போங்க."

மூட்டைக்காரரின் தோள் குலுங்கியது. சிரித்தார்.

படக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து காலை நீட்டினார். டிவியில் மூட்டைக்காரர் தண்ணீர் ஓடுவது போலப் பேசிக்கொண்டிருந்தார். கட்டிலில் இருந்தவரின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒரு வார்த்தை மறக்கவில்லை. ஆலைக்காரன் மாவை மூட்டை மூட்டையா எண்ணினான். அந்த வரி முடிந்ததும் திரையில் முகம் போய்க் கைகள் வந்தன. கட்டிலில் இருமல் தொடங்கியது. மனைவி எட்டி, டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.